பத்து லட்சம் மடங்கு ஹைட்ரஜன்

விண்மீன் எதனால் ஆனது என்று அறிய மனிதருக்குக் கிடைக்கும் சான்று அதன் ஒளி ஒன்றுதான். அந்த ஒளியைப் பட்டகத்தின் வழியே விரித்தால் ஊதாவிலிருந்து சிவப்புவரை ஒரு நிறமாலை கிடைக்கும். அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் நூற்றுக்கணக்கில் தெரியும். எந்தக் கோடு எந்தத் தனிமத்துக்கு உரியது என்று சொல்ல 1859-லேயே வழி பிறந்துவிட்டது. ஆனால் அந்தத் தனிமம் விண்மீனில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. கோட்டைப் பார்த்துப் பெயர் சொல்வது வேறு, அளவு சொல்வது வேறு. இரண்டாவது வேலையை முதன்முதலில் முறையாகச் செய்து முடித்தவர் சிசிலியா பெய்ன் என்னும் வானியற்பியலாளர். 1925-இல், தமது 25-ஆம் வயதில், ஹார்வர்ட் வானாய்வகத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் கண்ட விடை: விண்மீன்களில் இரும்பு, சிலிக்கன் போன்ற தனிமங்களைவிட ஹைட்ரஜன் பல லட்சம் மடங்கு அதிகம். அந்த விடை அநேகமாக உண்மையாக இராது என்றும் அதே ஆய்வேட்டில் அவரே எழுதினார்.

இந்த முரண்பாடு எப்படி வந்தது என்று புரிய, கோடுகளின் கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பவேரியாவில் கண்ணாடி வில்லைகள் செய்துவந்த ஜோசப் ஃபிரான்ஹோஃபர் 1814-இல் சூரிய ஒளியை விரித்துப் பார்த்தபோது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டு வரைபடமாக்கினார். எடுப்பான கோடுகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக இட்டார். மஞ்சள் நிறத்தில் நெருக்கமாக நிற்கும் இரட்டைக் கோட்டுக்கு டி என்று பெயர். அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சட்டென்று எழும் மஞ்சள் சுடர் நிறமாலையில் அதே இடத்தில்தான் விழும். ஹைடல்பெர்க் நகரில் குஸ்தாவ் கிர்க்காஃபும் ராபர்ட் புன்சனும் 1859-இல் இதன் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். சூடான வாயு எந்த அலைநீளத்தில் ஒளி வீசுகிறதோ, தன்னைவிடச் சூடான பொருளின் முன்னால் நிற்கும்போது அதே அலைநீளத்தை விழுங்கிவிடும். சூரியனின் மேற்பரப்புக்கு மேலே உள்ள வாயுவில் சோடியம் இருக்கிறது என்பதற்கு டி கோடு சாட்சி. அதே முறையால் அவ்விருவரும் சீசியம், ருபீடியம் என்ற இரு புதுத் தனிமங்களையும் பூமியிலேயே கண்டுபிடித்தார்கள்.

1864-இல் லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸும் வில்லியம் மில்லரும் இந்த முறையை விண்மீன்களின்மேல் திருப்பினார்கள். ரோகிணியிலும் திருவாதிரையிலும் சோடியம், இரும்பு, கால்சியம் போன்ற பழகிய தனிமங்களே இருந்தன. அவர்கள் எழுதிய குறிப்புகளில் ஒன்று பிற்காலக் கதைக்கு முக்கியமானது: திருவாதிரையில் ஹைட்ரஜனின் கோடுகள் தென்படவில்லை. கோடு இல்லையென்றால் பொருள் இல்லை என்று எடுத்துக்கொள்வது அன்றைக்கு இயல்பாக இருந்தது.

கோடு இல்லாமலேயே ஒரு பொருள் ஏராளமாக இருக்கலாம் என்பதற்கு ஹீலியம் நல்ல எடுத்துக்காட்டு. 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட்டிருந்தார். சூரிய விளிம்பிலிருந்து எழுந்த செந்நாக்குகளின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு பளிச்சிட்டது. அது சோடியத்தின் இடத்தில் சரியாக விழவில்லை. இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் அதைப் புதுத் தனிமம் என்று துணிந்து ஹீலியம் எனப் பெயரிட்டார். 1895-இல்தான் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்தார். சூரியனில் எடையில் கால்பங்கு ஹீலியம். ஆனாலும் சூரிய வட்டின் சாதாரண நிறமாலையில், கண்ணுக்குத் தெரியும் பகுதியில், அதன் கருங்கோட்டைத் தேடினாலும் கிடைக்காது. சூரிய விளிம்பைப் பார்த்திருக்காவிட்டால் அது இன்னும் பல காலம் பிடிபடாமலே போயிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது சூரியனில் கண்ட தனிமங்களின் பட்டியல் நீண்டிருந்தது. இரும்புக்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோடுகள். அமெரிக்க இயற்பியலாளர் ஹென்றி ரோலண்ட், பூமி முழுவதையும் சூரியனின் அளவுக்குச் சூடாக்கினால் அதன் நிறமாலையும் ஏறக்குறைய சூரியனுடையதைப் போலவே இருக்கும் என்று கருதினார். பாறையும் விண்கல்லும் விண்மீனும் ஒரே கலவையால் ஆனவை என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. அது மூடநம்பிக்கையல்ல. ஒரே விண்முகிலிலிருந்து சூரியனும் பூமியும் பிறந்திருந்தால் கலவையும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்?

இதற்கிடையே அமெரிக்காவில் ஹார்வர்ட் வானாய்வகம் விண்மீன் நிறமாலைகளைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்துக் குவித்துக்கொண்டிருந்தது. அவற்றை வகைப்படுத்தியவர்கள் பெரும்பாலும் சொற்பக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள். அவர்களுள் தலைசிறந்தவரான ஆனி ஜம்ப் கேனன் தகட்டை உருப்பெருக்கியில் பார்த்தபடியே வகையைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். 1918-க்கும் 1924-க்கும் இடையே வெளிவந்த ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் இப்படி 2,25,300 விண்மீன்கள் இடம்பெற்றன. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று போகும் அந்த வரிசை இன்றும் புழக்கத்தில் உள்ளது. சித்திரை பி வகை, அபிஜித் ஏ வகை, சூரியன் ஜி, ரோகிணி கே, திருவாதிரை எம். பி வகையில் ஹீலியக் கோடுகள் எடுப்பாகத் தெரியும், ஏ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் உச்சத்தில் இருக்கும், ஜி வகையில் கால்சியமும் இரும்பும் ஓங்கி நிற்கும். அப்படியானால் ஒவ்வொரு வகை விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆனதா, அல்லது பொருள் ஒன்றேயாக இருந்து வேறு ஏதோ மாறுகிறதா? வரிசை கையில் இருந்தது, அதன் பொருள் யாருக்கும் தெரியவில்லை.

விடை கல்கத்தாவிலிருந்து வந்தது. டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறுகடைக்காரர் குடும்பத்தில் பிறந்த மேகநாத் சாகா, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, அணுவிலிருந்து எலக்ட்ரான் பிரிவதை ஒரு வேதிவினையைப் போலக் கணக்கிடலாம் என்று கண்டார். வெப்பம் ஏறினால் எலக்ட்ரான் பிரிந்து அணு அயனியாகும். அழுத்தம் கூடினால் பிரிந்த எலக்ட்ரானும் அயனியும் மீண்டும் சேரும். ஒரு குறிப்பிட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை பங்கு அணுக்கள் முழுமையாக இருக்கும், எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று 1920-இல் அவர் வெளியிட்ட சமன்பாடு சொன்னது. பிறகு லண்டனில் ஆல்ஃபிரட் ஃபௌலரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி அதை விண்மீன்களுக்குப் பொருத்தினார். ஹார்வர்ட் வரிசை அடிப்படையில் வெப்பநிலை வரிசை என்பது அதிலிருந்து தெளிவானது. சூரியனில் ருபீடியம் ஏன் தெரியவில்லை என்பதற்கும் விளக்கம் கிடைத்தது: அங்குள்ள வெப்பத்தில் ருபீடியம் அணுக்கள் அநேகமாக எல்லாமே எலக்ட்ரானை இழந்துவிடுகின்றன. அப்படி இழந்த அயனிக்குக் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் கோடு கிடையாது. சூரியப் புள்ளிகள் சற்றுக் குளிர்ந்தவை என்பதால் அங்கே தேடினால் கிடைக்கும் என்றார் சாகா. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி நாரிஸ் ரசல் தேடிப் பார்த்தார், கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலரும் எட்வர்ட் மில்னும் 1923-இல் சமன்பாட்டைப் பட்டை தீட்டி, கோடுகள் எந்த வெப்பத்தில் உச்சம் தொடும் என்று கணக்கிடும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். (இந்தத் துறையில் ஃபௌலர் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. பின்னால் மூன்றாவதாக ஒருவரும் வருவார்.)

சாகாவின் சமன்பாடு என்ன சாதித்தது என்பதைச் சூரிய நிறமாலையின் இரண்டு இடங்களில் நேரடியாகவே பார்க்கலாம். ஊதா ஓரத்தில், 393.4, 396.8 நானோமீட்டர் அலைநீளங்களில், கே, எச் என்று பெயரிட்ட இரு அகன்ற கருங்கோடுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் நிறமாலை முழுவதிலும் அவற்றைவிட ஆழமாக வெட்டும் கோடு சூரியனில் இல்லை. அவை ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியத்தினுடையவை. சிவப்பில் 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜனின் கோடு இருக்கிறது. அதுவும் தெளிவானதே, ஆனால் கால்சியத்தின் பக்கத்தில் நிற்க முடியாது. கண்ணால் பார்த்து முடிவு கட்டினால் கால்சியமே அதிகம் என்றுதான் தோன்றும். உண்மையில் சூரியனில் ஒரு கால்சியம் அணுவுக்குச் சுமார் ஐந்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன.

கண் இவ்வளவு தூரம் ஏமாறக் காரணம் அணுவின் படிநிலைகள். கால்சியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க 6.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். சூரிய வளிமண்டலத்தில் கால்சியம் அநேகமாக முழுவதும் அயனியாகவே கிடக்கிறது. அந்த அயனி தன் அடிப்படியில் இருந்தபடியே ஊதா ஒளியை விழுங்கும். ஆக, இருக்கும் கால்சியம் ஏறத்தாழ அத்தனையும் கோடு வரையும் வேலையில் இறங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் அப்படியல்ல. அடிப்படியில் இருக்கும் ஹைட்ரஜன் அணு விழுங்குவது புற ஊதாக் கதிரை மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் கோட்டை வரையவேண்டுமானால் அது முதலில் 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஏறி இரண்டாம் படிக்கு வந்திருக்கவேண்டும். சூரிய மேற்பரப்பின் வெப்பமான சுமார் 5,800 கெல்வினில் ஏறக்குறைய இருபது கோடி அணுக்களில் ஒன்றுதான் அந்த நிலையில் இருக்கும். இருபது கோடியில் ஒன்று வரைந்த கோடே இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றால் மொத்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் கோட்டின் கருமையை மட்டும் வைத்து அளவு சொல்வது, சந்தையில் உரக்கக் கூவுபவனிடம்தான் சரக்கு அதிகம் என்று நினைப்பதற்குச் சமம். ஹீலியத்தின் நிலை இன்னும் மோசம். அதை முதல் படியிலிருந்து கிளப்பவே இருபது எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால்தான் அது வெப்பமான ஓ, பி வகைகளில் மட்டும் கருங்கோட்டுடன் காட்சி தருகிறது.

கணிதம் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இருந்தது, தகடுகள் ஹார்வர்டில் இருந்தன. இரண்டையும் இணைத்தவர் சிசிலியா பெய்ன். 1900 மே 10-ஆம் தேதி இங்கிலாந்தின் வெண்டோவரில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தவர், 1919 கிரகணப் பயணத்தைப் பற்றி வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஆற்றிய உரையைக் கேட்டபின் இயற்பியலுக்கு மாறினார். அறைக்குத் திரும்பி உரை முழுவதையும் நினைவிலிருந்தே எழுதிவைத்தார் என்பார்கள். இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் வகுப்பில் பெண்கள் முன்வரிசையில்தான் உட்காரவேண்டும். இவர் ஒருவரே பெண் என்பதால், பேராசிரியர் இவரை வேண்டுமென்றே அழுத்தி விளிக்க, மாணவர்கள் காலைத் தட்டி ஆரவாரம் செய்வார்கள். படித்து முடித்தாலும் கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. இங்கிலாந்தில் இருந்தால் பள்ளி ஆசிரியை ஆவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஹார்வர்ட் வானாய்வகத்தின் புதிய இயக்குநர் ஹார்லோ ஷாப்லியிடம் உதவித்தொகை பெற்று 1923-இல் கப்பலேறினார். சாகாவின் கோட்பாட்டை ஹார்வர்ட் தகடுகளைக் கொண்டு சோதித்துப் பார் என்று புறப்படுமுன் மில்ன் சொல்லி அனுப்பியிருந்தார்.

தகடுகளில் வேலை செய்வது எளிதல்ல. ஒவ்வொன்றும் எதிர்மறைப் படம். ஒளி பட்ட இடம் கறுத்தும், விண்மீன் ஒளியை விழுங்கிய கோடு வெளுத்த கீறலாகவும் தெரியும். தகட்டின் மருந்து எல்லா நிறத்துக்கும் ஒரேமாதிரி வினைபுரிவதில்லை. ஒரு தகடு அதிகமாகக் கறுத்திருக்கும், இன்னொன்று மங்கியிருக்கும். கோட்டின் வலிமையை மதிப்பிட அன்றைக்குப் பெரும்பாலும் கண்ணே கருவி. பல மாதங்கள் திக்குத் தெரியாமல் அலைந்த பிறகு பெய்னுக்குச் சிலிக்கன் வழிகாட்டியது. முழுமையான சிலிக்கன், ஒன்று, இரண்டு, மூன்று எலக்ட்ரான்களை இழந்த சிலிக்கன் என்று அதன் நான்கு நிலைகளின் கோடுகளும் வெப்பம் ஏற ஏற விண்மீன் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டி மறைவதை அவர் கண்டார். சாகாவின் சமன்பாடு சொன்ன ஒழுங்கு அப்படியே தகட்டில் இருந்தது. அதைக்கொண்டு வெப்பமான விண்மீன்களுக்கு ஒரு வெப்பநிலை அளவுகோலையே அவர் அமைத்துவிட்டார்.

வெப்பநிலை கைக்கு வந்தபின் அளவு காண்பது அடுத்த படி. இதற்கு அவர் கையாண்ட உத்தி அழகானது. எடுப்பான கோடுகளை விட்டுவிட்டு, மறையும் தறுவாயில் இருக்கும் கோடுகளை எடுத்துக்கொண்டார். எந்தத் தனிமமானாலும், அதன் கோடு தகட்டில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நிலையில், அந்தக் கோட்டை வரையும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பது அவர் கொண்ட அடிப்படை. அந்த வெப்பத்தில் அந்தத் தனிமத்தின் எத்தனை பங்கு அணுக்கள் கோடு வரையும் நிலையில் இருக்கும் என்று சமன்பாடு சொல்லிவிடும். நூறில் ஒன்று என்றால் மொத்தம் நூறு மடங்கு, கோடியில் ஒன்று என்றால் மொத்தம் கோடி மடங்கு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தனிமத்துக்கும் கோடு மறையும் வெப்பத்தைத் தகடு தகடாகத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

இப்படி 18 தனிமங்களுக்கு அவர் அட்டவணை தயாரித்தார். எண்கள் மடக்கை அளவில் உள்ளவை. அதாவது ஒன்று கூடினால் பத்து மடங்கு. சிலிக்கனுக்கு 4.8, இரும்புக்கும் 4.8, சோடியத்துக்கு 5.2, மக்னீசியத்துக்கு 5.6. இவை பூமியின் மேலோட்டில் உள்ள விகிதத்தோடு ஓரளவு ஒத்துப்போயின. அதுவரை யாரும் எதிர்பார்த்ததே. ஹைட்ரஜனுக்கு வந்த எண் 11. சிலிக்கனைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகம். ஹீலியமும் பல ஆயிரம் மடங்காக நின்றது. இன்னொன்றும் தெரிந்தது: வகை எதுவானாலும் அவர் பார்த்த விண்மீன்களில் தனிமங்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றே. சித்திரைக்கும் திருவாதிரைக்கும் இடையில் கண்ட வேறுபாடு முழுவதும் வெப்பத்தின் வேலை.

ஷாப்லி 1924 டிசம்பரில் கைப்பிரதியை ரசலுக்கு அனுப்பினார். ரசல் ஷாப்லியின் ஆசிரியர். அமெரிக்க வானியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது. மற்ற முடிவுகளை அவர் மெச்சினார். ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு இருப்பது மட்டும் நடக்கவே முடியாத காரியம் என்று 1925 ஜனவரியில் பெய்னுக்கு எழுதினார்.

இந்தக் கட்டத்தை ஆணாதிக்கம் உண்மையை அமுக்கிய கதையாக மட்டும் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. பாதிதான் சரி. ரசலின் ஐயத்துக்கு இயற்பியல் காரணங்களும் இருந்தன. குளிர்ந்த பெருவிண்மீன்களில் ஹைட்ரஜன் கோடுகள் சமன்பாடு சொன்னதைவிட வலிமையாக இருந்தன. ஹைட்ரஜன் ஏதோ விதிவிலக்காக நடந்துகொள்கிறது என்று நினைக்க அது இடம் தந்தது. பெய்னின் அட்டவணையிலேயே நடுநிலை ஹீலியம் தந்த விடையும் அயனி ஹீலியம் தந்த விடையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எடிங்டன் விண்மீனின் உட்பகுதிக்கு அமைத்திருந்த கணக்குகளோ கனமான தனிமங்களை வைத்துப் போட்டவை. இத்தனையையும் ஒரு முனைவர் பட்ட மாணவியின் ஒரே ஒரு எண்ணுக்காகத் தூக்கியெறிய யாருக்கும் மனம் வராது. ஆனால் அதே எண் நன்கு அறியப்பட்ட ஒரு பேராசிரியரிடமிருந்து வந்திருந்தால் ஆய்வேட்டில் அதை மறுத்து எழுதவேண்டிய கட்டாயம் வந்திருக்குமா என்பது வேறு விஷயம். பட்டமும் அடுத்த வேலையும் ரசலின் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த மிகைப்பட்ட அளவு அநேகமாக உண்மையாக இராது என்ற வாக்கியம் ஆய்வேட்டில் ஏறியது. பூமியோடு ஒப்பிட்ட பகுதியில் அவ்விரண்டையும் அவர் சேர்க்கவில்லை. ஆனால் அட்டவணையிலிருந்து எண்ணை நீக்கவும் இல்லை. 11 என்பது அச்சிலேயே நின்றது. தம் முடிவில் உறுதியாக நிற்காதது தம் தவறு என்று பின்னாளில் தன்வரலாற்றில் அவர் எழுதினார். பழியை ரசல்மேல் போடவில்லை.

ஹார்வர்ட் அப்போது பெண்களுக்குப் பட்டம் தராததால் முனைவர் பட்டம் ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரில் வந்தது. ‘விண்மீன் வளிமண்டலங்கள்’ என்ற அந்த ஆய்வேடு நூலாக வெளிவந்தது. வானியலில் அதுவரை எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளிலேயே தலைசிறந்தது அது என்று பிற்காலத்தில் மதிப்பிட்டவர் வானியலாளர் ஆட்டோ ஸ்ட்ரூவ். ஏனோதானோ என்று புகழ்ந்துவிடும் ஆளல்ல அவர்.

நான்கே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் உன்சோல்ட் 1928-இல் வேறு வழியில் சூரியனின் ஹைட்ரஜனைக் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்தார். வில்லியம் மக்ரே அதை உறுதிசெய்தார். 1929-இல் ரசலே சூரியனின் 56 தனிமங்களுக்கு அளவு கண்டு நீண்ட கட்டுரை எழுதினார். ஹைட்ரஜன்தான் மிகுதி என்று ஒப்புக்கொண்ட அவர், பெய்னின் எண்களோடு தம் எண்கள் பொருந்துவதையும் குறிப்பிட்டார். இருந்தும் பாடநூல்கள் நெடுங்காலம் கண்டுபிடிப்பை ரசலின் பெயரிலேயே எழுதிவந்தன.

இந்த எண்ணால் என்ன மாறியது என்றால், முதலில் விண்மீனின் எரிபொருள். நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆனால் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கு ஆற்றலாக வெளிப்படும், சூரியன் எரிவது அதனால் இருக்கலாம் என்று எடிங்டன் 1920-இலேயே ஊகித்திருந்தார். சூரியனில் ஹைட்ரஜன் ஐந்து விழுக்காடு இருந்தால் போதும் என்று அடக்கமாகக் கணக்குப் போட்டிருந்தார். இப்போது ஐந்து விழுக்காடு எங்கே, பெரும்பகுதியே ஹைட்ரஜன் எங்கே! 1932-இல் எடிங்டனும் டென்மார்க்கின் பெங்ட் ஸ்ட்ரோம்கிரனும் விண்மீனின் உட்பகுதிக்கான கணக்குகளை ஹைட்ரஜன் மிகுந்த கலவையை வைத்துத் திருத்தினார்கள். 1938-39-இல் ஹான்ஸ் பேத்தே ஹைட்ரஜன் எந்த அணுக்கரு வினைகளின் வழியாக ஹீலியமாகிறது என்று எழுதினார். இன்றைய கணக்கில் சூரியன் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதன் மேற்பரப்புப் பொருளில் எடைப்படி முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். இரும்பு, ஆக்சிஜன், கரி, மற்ற எல்லாமும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடுதான். வானியலாளர்கள் இந்த மிச்சம் மீதி அத்தனையையும், ஆக்சிஜன் உட்பட, ‘உலோகம்’ என்று ஒரே பெயரில் அழைப்பார்கள். வேதியியல் ஆசிரியர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பூமியில் ஹைட்ரஜன் இவ்வளவு இல்லாததற்குக் காரணம் எளிது. சிறிய கோளின் ஈர்ப்பு இலேசான வாயுக்களைப் பிடித்துவைக்கப் போதாது. பாறைத் துகள்கள் திரண்டு கோளானபோது வாயு அவற்றோடு சேரவுமில்லை. தண்ணீரில் சிக்கிய ஹைட்ரஜன்தான் இங்கே பெரும்பாலும் தங்கியது. சூரியனும் பூமியும் ஒரே கலவை என்ற பழைய எண்ணம் இரும்பு, சிலிக்கன் வரையில் சரியாகவே இருந்தது.

பெய்ன் பிறகு ஹார்வர்டிலேயே இருந்தார். 1934-இல் ரஷ்யாவில் பிறந்த வானியலாளர் செர்கே கபோஷ்கினை மணந்தார். இருவரும் சேர்ந்து மாறொளி விண்மீன்களை ஆராய்ந்து லட்சக்கணக்கான அளவீடுகளைக் குவித்தார்கள். அவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் இடம்பெறவில்லை. சம்பளமும் நெடுங்காலம் சொற்பம். 1956-இல் முழுப் பேராசிரியராகி வானியல் துறைத் தலைவருமானார். 1976-இல் அமெரிக்க வானியல் கழகம் அவருக்கு அளித்த உயரிய விருதின் பெயர் ஹென்றி நாரிஸ் ரசல் விருது. 1979 டிசம்பர் 7-ஆம் தேதி அவர் மறைந்தார்.

எல்லா விண்மீன்களும் ஒரே கலவை என்ற அவருடைய மற்றொரு முடிவு முழுதாக நிலைக்கவில்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும் அநேகமாக எங்கும் ஒரே விகிதம்தான், ஆனால் அந்த மிச்சம் மீதி மாறுகிறது. 1951-இல் ஜோசப் சேம்பர்லேனும் லாரன்ஸ் ஆலரும் இரண்டு விண்மீன்களில் இரும்பும் கால்சியமும் சூரியனில் இருப்பதைவிட மிகக் குறைவு என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் பால் மெரில், சில செந்நிறப் பெருவிண்மீன்களில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப்பு கிடையாது. நெடிது வாழ்வதே நாற்பது லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். பல கோடி ஆண்டு வயதான விண்மீனில் அது இன்னும் இருக்கிறதென்றால் அங்கேயே, அண்மையில், உருவானதாகத்தான் இருக்கவேண்டும். விண்மீன்கள் தனிமங்களைச் சமைக்கின்றன என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. 1957-இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர் (மூன்றாவது ஃபௌலர்), ஃபிரெட் ஹாயில் ஆகியோர் எந்தத் தனிமம் எந்த வினையில் உருவாகிறது என்று விரிவாக எழுதினார்கள். முன்னோர் விண்மீன்கள் வெடித்தும் உதிர்த்தும் வெளியேற்றிய பொருள் பின்னால் பிறக்கும் விண்மீன்களில் சேர்கிறது. ஆகவே பழைய விண்மீனில் இரும்பு குறைவு, புதியதில் அதிகம். 2014-இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீனில் இரும்புக் கோடு ஒன்றுகூடத் தென்படவில்லை. அதில் இரும்பு இருந்தாலும், சூரியனில் இருப்பதில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருக்கமுடியும்.

சூரிய நிறமாலையில் ஆழமாக வெட்டும் கால்சியத்தின் கே கோட்டுக்குத் தமிழ்நாட்டோடு நீண்ட உறவு உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அந்தக் கோட்டின் ஒளியில் சூரியனைப் படம்பிடித்து வந்தது. சென்னையில் பிறந்து ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வைணு பாப்புவும் ஆலின் வில்சனும் 1957-இல் அதே கோட்டின் நடுவில் தெரியும் ஒளிர்வின் அகலத்தைக்கொண்டு விண்மீனின் உண்மையான பிரகாசத்தை அறியலாம் என்று காட்டினார்கள். பாப்பு பின்னர் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை அமைத்தார். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய நிறமாலைமானி விண்மீன்களின் வேதிக்கலவையை அளக்கவும் பயன்படுகிறது.

இன்று கண்ணாடித் தகடுகள் இல்லை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான விண்மீன்களின் நிறமாலையை ஒளியிழைகள் வழியே எடுக்கும் தொலைநோக்கிகள் சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வேலை செய்கின்றன. ஒரே கலவையுள்ள விண்மீன்களை இனங்கண்டு, இப்போது வானில் சிதறிக்கிடக்கும் அவை ஒருகாலத்தில் ஒரே முகிலில் பிறந்தவையா என்று தேடுகிறார்கள். கோட்டிலிருந்து அளவைக் காணும் கணினி நிரல்களின் உள்ளே சாகாவின் சமன்பாடு இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையான வெப்பச் சமநிலை எல்லா அணுக்களுக்கும் பொருந்தாது என்று தெரிந்ததால், அணுவின் ஒவ்வொரு படிக்கும் தனியாகத் திருத்தம் போடுகிறார்கள். வாயு கொதித்துப் புரள்வதையும் முப்பரிமாணத்தில் கணக்கில் எடுக்கிறார்கள். அப்படித் திருத்தியபோது ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. மார்ட்டின் ஆஸ்ப்லண்ட் குழுவினர் 2000-க்குப் பின் வெளியிட்ட கணக்குகளில் சூரியனின் ஆக்சிஜன், கரி அளவுகள் முன்பு நம்பியதைவிடக் கணிசமாகக் குறைந்தன. சூரியனின் அதிர்வுகளைக்கொண்டு அதன் உட்பகுதியை அறியும் முறை காட்டும் அமைப்போ பழைய, கூடுதலான அளவுகளோடுதான் நன்றாக ஒத்துப்போகிறது. கோட்டை அளந்ததில் பிழையா, உட்பகுதியில் ஒளி ஊடுருவும் விதத்தைக் கணக்கிட்டதில் பிழையா என்ற வழக்கில் இன்னும் இருதரப்பும் வாதாடிக்கொண்டிருக்கின்றன.